யார் ஓடியது, யாருக்குப் பெருமை?

தெற்காசிய விளையாட்டுப் போட்டி 1984-இல் காத்மாண்டுவில் தொடங்கியது. 2019 வரை 13 முறை நடந்திருக்கிறது. 13 முறையும் பதக்கப் பட்டியலில் முதலிடம் இந்தியாவுக்குத்தான். 2019-இல் மட்டும் இந்தியா வாங்கிய தங்கம் 174. அடுத்து வந்த நேபாளத்துக்கு 51. இப்படி அள்ளிக்கொண்டு வந்தார்களே, அவர்களில் ஒரே ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று நம் ஊரில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. எந்த உலகக் கோப்பையில், எந்த ஓவரில், யார் சிக்ஸர் அடித்தார் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களும் இதில் வாய் திறக்க மாட்டார்கள்.

ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டுப் பாருங்கள். "எப்படியும் நாமதான் ஜெயிக்கப் போறோம், அதுல என்ன இருக்கு?" என்பார்கள். இந்தப் பதிலைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அதில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. இத்தனை நாள் நாம் ரசித்தது விளையாட்டை அல்ல, எதிரி தோற்பதை. எதிரி பலவீனமாக இருந்தால் ஆட்டமே தேவையில்லை என்று ஆகிவிடுகிறது.

ஜெயிக்கப் போவது உண்மையில் யார்? ஏதோ ஒரு சிற்றூரில் இருட்டோடு எழுந்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிப் பழகிய ஒரு பெண். அவளுக்கு நாம் முட்டை வாங்கித் தரவில்லை. கால் சுளுக்கினபோது கட்டுப் போடவில்லை. அவள் பந்தயத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் பதக்கம் வந்ததும் பெருமையில் மட்டும் பங்கு கேட்கிறோம். என்ன உரிமையில்? அவளும் நாமும் ஒரே எல்லைக்கோட்டுக்குள் பிறந்தோம் என்ற உரிமையில்.

சாதிப் பெருமையை நாம் எந்த அடிப்படையில் மறுக்கிறோம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தான் தேர்ந்தெடுக்காத, தன் உழைப்பால் வராத ஒன்றைக் காட்டி ஒருவன் நெஞ்சு நிமிர்த்துவது அறிவுக்குப் பொருந்தாது என்பதுதானே நம் வாதம்? தன் சாதிக்காரர் மகன் ஐ.ஏ.எஸ். ஆனதற்குத் தெருமுனையில் ஃபிளக்ஸ் வைக்கிறவரிடம், "படித்தது அந்தப் பையன், உமக்கு இதில் என்ன பங்கு?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். அதே கேள்வியைப் பதக்க மேடைக்கு முன்னால் கேட்க ஏன் நாக்கு எழவில்லை? எந்தத் தெருவில் பிறந்தோம் என்பது தற்செயல் என்றால், எந்தக் கொடியின் கீழ் பிறந்தோம் என்பதும் தற்செயல்தான்.

சாதி மனிதரை மேல் கீழ் என்று அடுக்குகிறது, நாட்டுப் பற்று அப்படிச் செய்வதில்லையே என்று சிலர் சொல்வார்கள். நாடு என்ற ஏற்பாட்டை நான் மறுக்கவில்லை. வரி கட்டுகிறோம், அந்த வரியில் மைதானம் கட்டுகிறார்கள், அந்தப் பணம் ஒழுங்காகச் செலவானதா என்று கேட்கிறோம். அது குடிமக்களின் கடமை. நான் பேசுவது பிறப்பால் வரும் பெருமையைப் பற்றி. அது அடுத்தவரைக் கீழே தள்ளாமல் நின்றதாக வரலாறு இல்லை.

1958-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த தமிழர். அன்று அவர் தாண்டிய உயரம் 6 அடி 8 அங்குலம். இன்றைக்கு இருப்பதுபோல் தாண்டி விழ மெத்தை கிடையாது. மணலிலோ மரத்தூளிலோ விழுந்து எழ வேண்டிய காலம் அது. ஆசியப் போட்டி வரலாற்றில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். அதே மே மாதக் கடைசியில் இலங்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது? தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள், வெட்டினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். மே 27-ஆம் தேதி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கொழும்பில் உயிருக்குப் பயந்து கிடந்த தமிழர்களைக் கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

தமிழர் ஒருவர் வென்ற தங்கம் இலங்கைக்கு வேண்டும். தமிழர் இலங்கைக்கு வேண்டாம். இந்த இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே நாட்டில் சேர்ந்தே இருந்தன. விளையாட்டு வெற்றி மக்களை ஒன்றாக்கும், பகையை ஆற்றும் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அதற்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை. பதக்கம் எவரையும் திருத்தாது. அதைக் கொண்டாடுகிறவர்கள் தங்கத்தை எடுத்துக்கொண்டு ஆளைக் கைவிட்டுவிடுவார்கள்.

அப்படியானால் இந்தப் போட்டிகளை மூட்டை கட்டிவிடலாமா? கூடாது. பெருமையைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் விளையாட்டு. அந்த மிச்சத்தைப் பார்க்கத் தெற்காசியப் போட்டியைப்போல் வாய்ப்பான இடம் வேறு இல்லை. யார் முதலிடம் என்பது முன்பே தெரிந்துவிட்டதால், பார்க்க வேண்டியதைப் பார்க்க அங்கே கண் கிடைக்கிறது.

2016 பிப்ரவரியில் குவாஹாத்தியில் நடந்த போட்டியில் ஈட்டி எறிதலில் இரண்டு பையன்கள் இறங்கினார்கள். ஒருவருக்கு 18 வயது, 82.23 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். இன்னொருவருக்கு 19 வயது, 78.33 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார். முதலாமவர் நீரஜ் சோப்ரா, மற்றவர் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம். அன்றைக்கு அதைப் பொருட்படுத்திப் பார்த்தவர்கள் மிகச் சிலர். எட்டு ஆண்டுகள் கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் அர்ஷத் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார், 89.45 மீட்டரோடு நீரஜுக்கு வெள்ளி. உலகமே கண் கொட்டாமல் பார்த்த அந்த மோதலுக்கு முதல் அத்தியாயம் நாம் ஏறெடுத்தும் பார்க்காத போட்டியில் எழுதப்பட்டிருந்தது. இடையில் 2019-இல், காத்மாண்டு போட்டியில், அர்ஷத் 86.29 மீட்டர் எறிந்து வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவரை நேராகக் கொண்டுபோனது அந்த எறிதான்.

ஈட்டி எறிதலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஓட்டத்தின் கடைசி எட்டுகளில் இடுப்பு பக்கவாட்டில் திரும்பும். ஈட்டி காதோரமாக ஆடாமல் நிற்கும். வலக்கைக்காரராக இருந்தால் இடது கால் தரையில் கம்பமாக ஊன்றும். ஓடி வந்த வேகம் முழுவதும் அந்த ஒரு காலில் தடுக்கப்பட்டு, முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறிக் கைக்குப் போகும். நீரஜ் எறிந்த வேகத்தில் முன்னால் சரிந்து இரண்டு கைகளையும் தரையில் ஊன்றுவார். கோட்டைத் தொடாமல் நிற்க வேண்டுமே. இதை ரசிக்க எறிகிறவரின் பாஸ்போர்ட் எதற்கு? கொத்தனார் மகனான அர்ஷத், பாரிஸுக்குச் சில மாதங்கள் முன்புவரை பல ஆண்டுகள் பழகித் தேய்ந்த ஒரே ஈட்டியை வைத்துக்கொண்டு புது ஈட்டி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்காக அப்போது குரல் கொடுத்தவர்களில் நீரஜும் ஒருவர்.

அதே நீரஜ் 2025-இல் பெங்களூருவில் தான் நடத்தவிருந்த போட்டிக்கு அர்ஷத்தை அழைத்தார். மறுநாள் பஹல்காமில் படுகொலை நடந்தது. அழைத்தது அதற்கு முன்பு என்று அவர் விளக்கமாக அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஒலிம்பிக்கில் தங்கமும் வெள்ளியும் வாங்கிக்கொடுத்தவரின் நாட்டுப்பற்றைச் சந்தேகித்தார்கள். அவருடைய தாயையும் விடவில்லை. அந்தத் தாய் செய்த குற்றம், பாரிஸில் தங்கம் வென்ற பிள்ளையும் நம் பிள்ளைதான் என்ற பொருளில் பேசியது. பிறப்புப் பெருமை தனக்குப் பதக்கம் கொண்டுவந்தவரையே எப்படிக் கடிக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெற்காசியப் போட்டியில் எல்லாமே உயர்ந்த தரம் இல்லை. சில பிரிவுகளில் களத்தில் இறங்குகிறவர்களே நாலைந்து பேர்தான். முடித்தாலே பதக்கம் என்ற நிலை. நீச்சலில் ஆசியப் போட்டியின் நேரங்களோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரிது. தொடக்க விழாப் பேச்சுகளை உட்கார்ந்து கேட்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். பணம் இன்னொரு கேள்வி. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஊழலும் நடந்தது, சாலையோரக் குடிசைகளைத் தட்டி வைத்து மறைத்த கேவலமும் நடந்தது. ஏழையை மறைத்து நடத்துகிற எந்தப் போட்டியும் நடக்காமல் இருப்பதே நல்லது. 1995-இல் சென்னையில் தெற்காசியப் போட்டி நடந்தபோது வேளச்சேரியில் நீச்சல் குளம் கட்டினார்கள். பிள்ளைகள் பழகுவதற்கு ஒரு குளம் மிஞ்சியது. போட்டி உருப்படியானதா என்று அளக்க நல்ல அளவுகோல் அதுதான்: கூட்டம் கலைந்த பிறகு உள்ளூர்ப் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

இனி மாபியா அக்தர். வங்கதேசத்துப் பளுதூக்கும் வீராங்கனை. டாக்காவில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகள். 2016 குவாஹாத்தியில் 63 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். மேடையில் நிற்கிறார், கொடி ஏறுகிறது, நாட்டுப்பாடல் ஒலிக்கிறது. நெற்றியில் சல்யூட் வைத்த கை இறங்கவில்லை. முகம் மட்டும் உடைந்துபோய் அழுகிறது. அந்தக் காணொளி இப்போதும் கிடைக்கும். பார்க்கிற எவருக்கும் கண் கலங்கும். அவர் எந்த நாடு என்ற கேள்வி அப்போது எழுவதே இல்லை. 2019-இல் ஆண்கள் 100 மீட்டரை மாலத்தீவின் ஹசன் சயீத் 10.49 விநாடியில் வென்றார். அந்தப் போட்டியில் அவருடைய நாட்டுக்குக் கிடைத்தது அந்த ஒரு தங்கம். இந்தியாவின் 174-ஐக் கூட்டிப் பார்க்கிறவருக்கு இந்த ஒன்றின் எடை தெரியாது.

பாஸ்போர்ட் பார்க்காமல் ரசிக்கிற அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1999 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் டெஸ்டில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றது. சச்சின் 136 அடித்தும் தோற்றது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த மக்கள் விளையாட்டு பார்க்கத் தெரிந்தவர்கள்.

அதே சென்னையிலிருந்து 2012-இல் இலங்கைப் பள்ளிக்கூடக் கால்பந்து அணியைத் திருப்பி அனுப்பினோம். 2013 ஆசியத் தடகளப் போட்டியை, இலங்கை வருகிறது என்பதற்காக, அன்றைய முதல்வர் ஜெயலலிதா இங்கே நடத்த மறுத்தார். போட்டி புனேவுக்குப் போனது. முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டவர்களுக்கு நீதி கேட்பது நம் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேட்க வேண்டியது ஆட்சியாளர்களிடமும் படைத் தலைமையிடமும். பந்து உதைக்க வந்த பள்ளிப் பிள்ளையிடம் எப்படிக் கணக்குத் தீர்ப்பது? தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கிலிருந்து ஒதுக்கியது நியாயம். அங்கே அணியைத் தேர்ந்தெடுப்பதிலேயே நிறம் பார்த்தார்கள். 1958-இல் எதிர்வீரசிங்கத்தை எந்த நாட்டாராவது, இலங்கை அரசின் குற்றத்துக்காக, வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? பிறந்த இடத்தை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்குவதை மனுதர்மம் செய்தாலும் தவறு, நாம் செய்தாலும் தவறு.

2021-இல் பாகிஸ்தானில் நடக்க வேண்டிய தெற்காசியப் போட்டி அந்த ஆண்டு நடக்கவில்லை. அதன் பிறகு தேதி குறிப்பதும் தள்ளிவைப்பதுமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி இங்கே ஒரு தலையங்கம், ஒரு கண்டனம் கேட்டோமா? பிரிட்டிஷ் பேரரசுப் போட்டி என்ற பெயரில் 1930-இல் தொடங்கிய காமன்வெல்த் போட்டியை 2030-இல் அகமதாபாத்தில் நடத்தப் போகிறோம் என்று பூரிக்கிறோம். நம்மை ஆண்டவர் வைத்துப்போன உறவுக்குக் கொடுக்கிற மதிப்பை, ஒரே மழையில் நனைகிற அண்டை வீட்டாருக்குக் கொடுக்க மனமில்லை. தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் பூட்டானிலும் மாலத்தீவிலும் நேபாளத்திலும் ஓடிப் பழகுகிற பிள்ளைகளின் உடலில் கழிகிறது. 19 வயதுக்காரருக்கு 25 வயதாகிவிடும். பெரிய போட்டிகளில் முதல் சுற்றோடு வீடு திரும்புகிற அவர்களுக்கு இறுதிச் சுற்றில் நிற்கக் கிடைக்கிற மேடை இது ஒன்றுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த தெற்காசியப் போட்டி லாகூரில் நடந்தாலும் கொழும்பில் நடந்தாலும், நேரலை எங்கே வருகிறது என்று தேடிப் பிடியுங்கள். வராவிட்டால் தூர்தர்ஷனுக்கு எழுதிக் கேளுங்கள். பதக்கப் பட்டியலைப் பார்க்காதீர்கள். உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு நேபாளப் பெண்ணோ பாகிஸ்தான் பையனோ ஓடுகிற ஒரு பந்தயத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாருங்கள். நன்றாக ஓடினால், வீட்டில் யார் இருந்தாலும், கைதட்டுங்கள்.