சிறு குழலும் சிறு தீங்கும்

பாட்டனார் விட்டுச் சென்ற வேட்டைத் துப்பாக்கியைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாமா என்று இராயபுரத்து மாணவர் ஒருவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், “அது பெரியதன்று ஹஜ்ரத், வெறும் நானூற்றுப்பத்து, பிள்ளைகள் பழகுவது” என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். கேள்வியைக் காட்டிலும் அந்தச் சமாதானமே ஆராயத்தக்கது. சிறிய கருவியால் விளையும் தீங்கு சிறிய தீங்குதானா?

ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கி, அவற்றுள் ஒன்று எக்குழலில் பொருந்துமோ அது 12 போர். இருபத்தெட்டாக்கினால் 28 போர். எண் பெருகக் குழல் சிறுக்கும். நானூற்றுப்பத்து இக்கணக்கில் அடங்காது; அதன் குழல் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு. எடையும் உதையும் குறைவு. ஆகவே சிறுவருக்கு உகந்தது என்று பெயர் பெற்றது.

தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் உண்மை வேறு. ஆங்கிலேயர் கணக்கில் ஆறாம் எண் ரவை அவுன்சுக்கு 270. 12 போர்த் தோட்டாவில் அவுன்சுக்குச் சற்று மேல். நானூற்றுப்பத்தில் அரை அவுன்சு, அதாவது 135 ரவை. தூரம் செல்லச் செல்ல ரவைகள் விலகும். விலகிய இடைவெளியில் பறவை தப்பும். முழுதாகத் தப்பினால் நன்று. ஓரிரு ரவையை உடலில் சுமந்து சேற்றுக்கு அப்பால் விழுந்து, ஆளறியாமல் கிடந்து சாவதே பெரும்பாலும் நேர்வது. அதனாலன்றோ தேர்ந்த வேட்டைக்காரர்கள் இச்சிறு குழலைத் தேர்ந்த கைக்கே உரியது என்றார்கள்!

ஈண்டு நம் சட்டநூல்களின் ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வருகிறது. அரபியில் ‘புந்துக்’ என்பது முதலில் ஒருவகைக் கொட்டை. பின்னர் வில்லில் வைத்து எய்த களிமண் உருண்டை. அதன் பின்னரே துப்பாக்கிக் குண்டு. எய்கோல் கூர்முனையால் துளைத்ததை உண்ணலாம், அகலப்புறத்தால் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு விடை பகர்ந்தார்கள். ஆகவே ஹனஃபி, ஷாஃபியீ அறிஞர்களுள் பெரும்பாலோர், உயிரோடு பிடித்து அறுத்தாலன்றிக் குண்டு பட்டு இறந்ததை விலக்கினர். யமன் நாட்டு ஷவ்கானியோ குண்டும் துளைக்கிறதே என்று இசைந்தார். இப்பிணக்கை நான் தீர்க்க வரவில்லை. கருவி பெரிதா சிறிதா என்று இரு சாராரும் கேட்கவில்லை. அந்த உயிரை அது என்ன செய்கிறது என்றே கேட்டனர். அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழியும் அதைத்தான் கேட்கிறது. மழுங்கிய கத்தியை எவரும் இரக்கமுள்ள கத்தி என்பதில்லை.

“கொஞ்சந்தானே” என்னும் சொல் நம் வடசென்னைக்குப் புதிதன்று. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாக்களைக் கண்டோம். அங்கு எவரும் துப்பாக்கி தூக்கவில்லை.

அந்தக் கழிமுகத்துக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் இன்று வாத்து சுட வழியில்லை. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையை உரிமத்துக்குள் அடக்கிற்று. 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமத்தையும் நீக்கிற்று. அப்படியாயின் பழைய துப்பாக்கியை ஏன் செப்பனிட வேண்டும்? துருப்பிடித்த துப்பாக்கி செத்த துப்பாக்கியன்று என்பதே என் விடை. உட்புறம் அரித்த குழலைக் கடைந்து வழவழப்பாக்கினால் சுவர் மெலியும். பழைய அறைகள் குட்டையானவை. இக்கால நீளத் தோட்டா வாய் மடிந்திருப்பதால் அதனுள் ஏமாற்றாகப் புகுந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும், பிடித்தவர் கைக்கே கேடு. பளபளப்பாக்கிச் சுவரில் மாட்டுவோர் இதை அறிவதில்லை. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவரே செப்பனிடலாம். உரிமம் இல்லாத வாரிசு காவல் நிலையத்திலோ உரிமமுள்ள வணிகரிடமோ ஒப்படைத்தல் கடமை.

முறையாகச் செப்பனிட்டபின் சுட விரும்புவோர்க்கு வானில் எறியும் களிமண் தட்டு இருக்கிறது. புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 12 போரால் சுட்டது அத்தகைய தட்டைத்தான். அமெரிக்க ஸ்கீட் போட்டிகளில் 28 போருக்கும் நானூற்றுப்பத்துக்கும் தனிப்பிரிவுகளே உண்டு. அங்கே ரவை தவறினால் தட்டு முழுதாய்த் தரையிறங்கும். காயத்தோடு நாணலுக்குள் ஓடி ஒளிவதில்லை. முன்னாளில் களிமண் பறவையை நோக்கிப் பறந்தது. இன்று களிமண்ணே பறவையாகப் பறக்கிறது.