நோவைத் தணிப்பது யாருக்காக?

பிற உயிரின் நோவைத் தணிப்பது அறம் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், அந்த நோவை யாருடைய நன்மைக்காகத் தணிக்கிறோம் என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது. அவ்வினா எழாத இடத்தில் கருணைக்கும் சுரண்டலுக்கும் வேறுபாடு தெரியாமற் போகிறது. இரண்டும் ஒரே மருந்தைக் கையாளுகின்றன. ஒரே சொற்களையும் கையாளுகின்றன. மூட்டுவாதம் கண்ட குதிரைக்கு அழற்சி தணிக்கும் மருந்து கொடுக்கும் வழக்கத்தை இங்கு ஆராய எடுத்துக்கொள்வது இதனாலேயே.

முதலில் உண்மைகளை நோக்குவோம். ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு குதிரை விரைந்து ஓடும்போது, அதன் உடல் நிறையின் இரு மடங்குக்கு மேற்பட்ட விசை ஒரு கணத்தில் ஒற்றை முன்னங்கால் மீது விழுகிறது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு உழைத்த மூட்டுக்களில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்தது மீண்டும் முன்போல் வளர்வதில்லை. மூட்டு வீங்குகிறது, விறைக்கிறது, குதிரை நொண்டுகிறது.

இதற்குப் பெரிதும் வழங்கப்படும் மருந்து பினைல்பியூற்றசோன் ஆகும். 1949ஆம் ஆண்டில் மனிதரின் மூட்டுவாதத்துக்கென இது பயன்பாட்டுக்கு வந்தது. எலும்பு மச்சையைத் தாக்கி உயிராபத்தான குருதி நோய்களை உண்டாக்கக் கூடியது என அறியப்பட்டதும், பல நாடுகளில் மனித வைத்தியத்திலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டது. குதிரைகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. அஸ்பிரின் போன்ற மருந்துகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை 1971இல் ஜோன் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானி விளக்கினார். அவை புரோஸ்ரகிளாண்டின் எனும் பொருள்கள் உடலில் உண்டாவதைத் தடுக்கின்றன. வீக்கத்தையும் நோவையும் வளர்க்கும் அப்பொருள்களே இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தையும் காக்கின்றன. ஆகவே, அளவு மீறினால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் உண்டாகும், சிறுநீரகமும் கெடும். பின்னர் வந்த பிரோகொக்சிப் போன்ற மருந்துகள் குடலுக்குத் தீங்கு குறைவாக இருக்கும்படி ஆக்கப்பட்டவை. எனினும் இம்மருந்துகளுள் எதுவும் தேய்ந்த மூட்டைப் புதுப்பிப்பதில்லை. நோவு அடங்குகிறது, நோய் எஞ்சியிருக்கிறது. நமது அறவினா இந்த இடைவெளியிலேதான் பிறக்கிறது.

மனுநீதிச் சோழன் கதையை நம் மாணவர் அனைவரும் அறிவர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் வெளியே வந்தான். வாயில்லாச் சீவனும் முறையிடுவதற்கு ஒரு வழி வேண்டும் என்பதே அக்கதையின் உட்பொருள். குதிரைக்கு அத்தகைய மணி அதன் நொண்டலே. ‘இதற்கு மேல் இயலாது’ என்று அது வேறெவ்வாறு கூறும்? மணியோசை கேட்டு வந்து, குறை தீர்த்து, அதன்பின் மணியை ஓயச் செய்வது நீதி. ஓசை நம் அலுவலுக்கு இடையூறு என்பதற்காக மணியின் நாவைக் கழற்றிவிடுவது வேறொன்று.

அந்த வேறொன்றுக்கு உதாரணம் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. 1968 மே 4ஆந் திகதி அமெரிக்காவின் கென்ரக்கி டேர்பிப் பந்தயத்தில் டான்சர்ஸ் இமேஜ் என்னும் குதிரை முதலாவதாக வந்தது. நோவுற்ற கணுக்கால்களையுடைய குதிரை அது. பந்தயத்துக்குச் சில நாட்களின் முன் அதற்குப் பினைல்பியூற்றசோன் கொடுக்கப்பட்டிருந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் அம்மருந்து காணப்பட்டதால் வெற்றி பறிக்கப்பட்டது. பரிசு யாருக்குரியது என்பது பற்றிய வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆனால், அதே மே மாதம் 18ஆந் திகதி அக்குதிரை பிறீக்னெஸ் பந்தயத்தில் மறுபடியும் ஓட விடப்பட்டது. அதன் பின்னரே, கணுக்கால்களின் நிலை கருதி அதற்கு ஓய்வு கிடைத்தது. பரிசின் உரிமை பற்றி இத்தனை வாதம்; கணுக்காலின் உரிமை பற்றி வாதாட ஒரு சட்டத்தரணியும் இல்லை!

இன்று பல நாடுகளின் விதிகள் பந்தய நாளில் இம்மருந்துகள் உடலில் இருத்தலாகாது என்கின்றன. குதிரையின் பாதுகாப்பும் அவ்விதிகளின் நோக்கங்களுள் ஒன்றே. எனினும் பயிற்சிக் காலத்தில் இவற்றைக் கொடுக்க இடமுண்டு. மூட்டுத் தேய்வதோ பந்தய நாளில் மட்டுமன்று.

அப்படியாயின், ‘நோவு இயற்கையின் காவல், மருந்தே வேண்டாம்’ என்று கூறலாமா? கூறலாகாது. பல்லாண்டு பழகிய மூட்டுவாதத்தின் நோவு புதிதாக எதையும் அறிவிப்பதில்லை, வெறுமனே வதைக்கிறது. முதிய குதிரையைத் தொழுவத்தில் அடைத்து வைத்தால் மூட்டு மேலும் விறைக்கும். அளவான மருந்து கொடுத்து, புல்வெளியில் அது மெல்ல நடமாடச் செய்வதே தக்க பராமரிப்பு. மருந்தினால் இரைப்பைக்குத் தீங்கு நேரலாம்; வாழ்நாளிலும் சிறிது குறையலாம். ஆயினும் அந்த ஆபத்தைச் சுமக்கும் குதிரையே அதன் பயனையும் நுகர்கிறது. பந்தயக் குதிரையிடத்தில் ஆபத்து குதிரைக்கு, பயன் உடைமையாளனுக்கு. நாம் கைக்கொள்ளத்தக்க உரைகல் இதுவே: நோவற்ற அந்த நேரம் யாருக்குச் சொந்தம்?

இவ்வுரைகல்லை வறியவன் மீது மட்டும் உரைத்துப் பார்ப்பதும் நீதியன்று. முதல் உலக யுத்தம் முடிந்தபின் பிரித்தானிய இராணுவம் தன் குதிரைகளில் ஆயிரக்கணக்கானவற்றை எகிப்தில் விற்றுச் சென்றது. கெய்ரோ நகரில் அவை எலும்புந் தோலுமாய் வண்டியிழுத்தன. டொறதி புறூக் என்ற ஆங்கிலப் பெண்மணி 1931இல் இலண்டன் ‘மோர்னிங் போஸ்ற்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பொருள் திரட்டி, ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலை கொடுத்து மீட்டார். தேறும் நிலை கடந்திருந்த பெரும்பாலானவற்றுக்கு அமைதியான முடிவே அளிக்கப்பட்டது. 1934இல் அங்கு ஓர் இலவச மிருக வைத்தியசாலையும் எழுந்தது. வண்டிக்காரனைக் கொடியவன் என்று ஏசிவிட்டு அவர் போய்விடவில்லை. குதிரையின் விலையை அவனுக்குக் கொடுத்தார். குதிரை ஒருநாள் ஓய்ந்தால் அவன் குடும்பம் ஒருநாள் பட்டினி. உழைக்க வைத்து உதறிச் சென்ற பேரரசின் கணக்கேட்டில் குதிரையும் இல்லை, வண்டிக்காரனும் இல்லை.

நாட்கூலிக்காக நோவு மாத்திரையை விழுங்கிவிட்டு மூட்டை சுமக்கும் மனிதனின் நிலையும் இதற்கு அயலானதன்று. அவனுக்கேனும் வாயுண்டு, சங்கம் அமைக்கலாம், மறுக்கலாம். குதிரைக்கு அதுவும் இல்லை. ஆகவே, அதன் நோவை அடக்கும் கை அதன் சார்பிற் பேசும் கடமையையும் ஏற்க வேண்டும். மருந்தோடு ஓய்வும், சுமைக் குறைப்பும், கால்களைத் தவறாது பார்வையிடும் கண்ணும் சேர வேண்டும். குதிரைக்கு ஓய்வு கொடுக்க வறியவனால் இயலாதெனில், அதற்குரிய வழியைச் சமுதாயம் வகுக்க வேண்டும். இவை எதுவுமின்றி மருந்தை மட்டும் கொடுத்து வண்டியில் பூட்டுவோமாயின், நாம் செய்வதை வைத்தியம் என்று அழைக்க நமக்கு உரிமை இல்லை.