கலயமும் பொட்டலமும்

மாலை மயங்கும் வேளையில் நண்பர் நால்வர் கூடுகின்றனர். கடையில் வாங்கி வந்த தின்பண்டப் பொட்டலம் நடுவே பிரிக்கப்படுகிறது. அருகே நுரை ததும்பும் பானம் இருக்கிறது. பேச்சு வளர்கிறது, சிரிப்பொலி எழுகிறது. இக்காட்சி ஒழுக்கத்தின்பாற்பட்டதா, இழுக்கின்பாற்பட்டதா?

விடை கூறுமுன் உலகம் பண்டத்தின் பெயரைக் கேட்கிறது. பொட்டலத்தில் ஜப்பானியச் சூஷியும் கிண்ணத்தில் நுரைக்கும் திராட்சை மதுவும் இருப்பின், அதனைச் 'சுவைத்தல்' என்கிறது. பொட்டலத்தில் கச்சாங் பூத்தேயும் கலயத்தில் தென்னங்கள்ளும் இருப்பின், 'குடித்தல்' என்கிறது. பெயர் மாறினால் அறமும் மாறிவிடுமோ?

இவ்வினாவை எழுப்பத் தக்க இடம் ஈப்போவின் புந்தோங். எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்து குடியேறியோரின் உழைப்பால் அங்குக் கச்சாங் பூத்தே தொழில் வேரூன்றியது. வறுத்த கடலையும் பட்டாணியும் முறுக்கும் தட்டிலேந்தித் தெருத்தெருவாய் விற்று, தாளைக் கூம்பாகச் சுருட்டி அளந்து கொடுத்தனர் அவ்வணிகர். இன்று பெருமையுடன் பரிமாறப்படும் சூஷியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் தோக்கியோ எனப் பெயர்பெற்ற எதோ நகரின் தெருக்கடைகளில் விற்கப்பட்ட எளியோர் உணவே.

பானங்களும் உறவுடையனவே. நுண்ணுயிர்கள் இனிப்பை மாற்றி வெறிப்பொருளையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. பாளையிலிருந்து சொட்டும் பதநீர் சில மணி நேரத்தில் அவ்வாறே நுரைத்துக் கள்ளாகிறது. புட்டியில் அடைத்து மறுமுறை நொதிக்கச் செய்த திராட்சை மதுவில் வாயு வெளியேற வழியின்றி அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் திறந்ததும் பொங்குகிறது. அம்மதுவில் வெறிப்பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு. கள்ளிலோ பொதுவாக அதனினும் குறைவு. ஆயினும் பழி முழுவதும் கள்ளுக்கே!

இதனால் கள் குற்றமற்றது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே கள்ளுக்கடைகள் நடந்தன. பால்மரக்காட்டில் விடியுமுன் தொடங்கி ஈட்டிய கூலி, அந்தி சாயுமுன் கடையில் கரைந்தது. அடுப்பு எரியாத வீட்டில் தாயும் பிள்ளைகளும் காத்திருந்தனர். அக்கொடுமை கண்டு பொறாத தொண்டர் படையினர் 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். காவல்துறையினருடன் மோதல் மூண்டது, உயிரும் பலியாயிற்று. அவர்களது சீற்றத்தில் அறம் இருந்தது. காத்திருந்த வீட்டின் குரலே அச்சீற்றம்.

தமிழ் இலக்கியமும் இருபுறத்தையும் அறியும். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், கிடைத்த கள் சிறிதாயின் தமக்கே ஈந்தும் பெரிதாயின் தம்மோடு பகிர்ந்தும் மகிழ்ந்த அவன் பண்பை நினைந்து உருகுகிறது. வள்ளுவரோ 'கள்ளுண்ணாமை' என ஓர் அதிகாரமே வகுத்து அறிவை மயக்கும் பழக்கத்தைக் கடிந்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். ஊன்றி நோக்கின், ஔவை போற்றியது ஈகையை. வள்ளுவர் வெறுத்தது தன்னிலை இழத்தலை. தனக்கெனச் சுருங்கிய இன்பத்தை இருவருமே ஏற்கவில்லை.

ஆதலின் நட்புக் கூட்டத்தை அளக்கும் கோல் புட்டியின் விலையன்று. இரண்டு வினாக்கள் போதும். கூடியிருப்போரின் வீடுகளில் எவரேனும் பசியோடு காத்திருக்கின்றனரா? கலத்தை வேண்டாவென விலக்கிய நண்பனுக்கு அவ்விடத்தில் முழு மதிப்பு உண்டா? பல சமயத்தார் கூடி வாழும் மலேசிய மண்ணில் இரண்டாம் வினா மிக இன்றியமையாதது. "ஒரு மிடறுதானே!" என வற்புறுத்துவோன் நண்பனை விரும்பவில்லை, தன் மயக்கத்துக்குத் துணை தேடுகிறான். மறுத்தவனைப் பழித்துச் சிரிக்கும் அவையில் விலையுயர்ந்த மதுவும் இழிந்ததே.

கலயத்தை நோக்கி எல்லாக் கைகளும் நீளா, நீள வேண்டுவதுமில்லை. பிரித்து வைத்த பொட்டலத்தை நோக்கியோ குடிப்பவன் கையும் குடியாதவன் கையும் ஒருங்கே நீள்கின்றன. புந்தோங்கின் கடலைப் பொட்டலம் கற்பிக்கும் பாடம் இதுவே: எவரையும் விலக்காது நடுவே வைக்கத்தக்கது எதுவோ, அதுவே நட்பின் விருந்து.