காலிக் கப்பல்

ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் அவருக்குக் கொஞ்ச காலமாக ஒரு கப்பல் மனதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நிஜக் கப்பல் இல்லை. கணினித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும் பழங்காலத் துடுப்புக் கப்பல். இரண்டு நிலங்களுக்கு நடுவே, குறுகிய நீர்ப்பரப்பில், அது பாட்டுக்கு நிற்கிறது. அதில் ஒரு சிப்பாய்கூட இல்லை. இல்லை என்பது அவருக்குத் தெரிந்துபோனதுதான் தொல்லை.

விளையாட்டின் பெயர் 'சிவிலைசேஷன்'. சிட் மையர் 1991-ல் தொடங்கிவைத்த வரிசை. அவரும் இன்னும் மூன்று பேரும் ஆடுவது 2005-ல் வந்த நான்காவது பதிப்பு. கையளவு குடியிருப்பில் தொடங்கி, எழுத்து, சக்கரம், இரும்பு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, பேரரசு கட்டி, பக்கத்துப் பேரரசோடு மோதுகிற ஆட்டம். ஒருவர் ஆடி முடித்த பிறகுதான் அடுத்தவர் முறை. மின்னஞ்சலிலும் ஆடலாம். தன் முறையை முடித்தவர் அதைக் கோப்பாக அடுத்தவருக்கு அனுப்புவார். அடுத்தவர் தன் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தால் அவருடைய நாடும், அவருடைய ஆட்களின் கண்ணுக்கு எட்டும் தூரமும் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு. சிங்கப்பூரில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், டொரண்டோவில் ஒருவர், ராமநாதபுரத்தில் இவர். ஒருவர் அசந்து தூங்கினால் நான்கு சாம்ராஜ்யங்களும் சேர்ந்து தூங்கும்.

டொரண்டோக்காரர் மன்னாரில் பிறந்தவர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இவர் 'அண்ணே' என்று எழுதுவார், அவர் 'தம்பி' என்று எழுதுவார், வரைபடத்தில் ஒருவர் ஊரை ஒருவர் எரிப்பார்கள். ஒருநாள் கோப்புக்குப் பதிலாக நாலு வரி வந்தது. "தம்பி, மகளின்ரை கலியாண வேலை. கொஞ்ச நாளைக்குக் கணினிப் பக்கம் வரேலாது. மற்ற ஆக்களை ஏன் காக்க வைப்பான்? என்ரை முறையையும் நீங்களே விளையாடி விடுங்கோ." கீழே கடவுச்சொல்.

ஏன் எதிரியிடமே கொடுத்தார் என்று இவர் கேட்கவில்லை. கலியாண வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது?

திறந்ததும் கண்ணில் பட்டது அந்தக் கப்பல். அதை அவர் பல முறைகளாகத் தன் துறைமுகத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான். இந்த ஆட்டத்தில் அந்தக் காலத்துக் கப்பல் இரண்டு படைகளைச் சுமக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. உள்ளே ஆள் இருக்கும் என்றே இவர் எண்ணியிருந்தார். அதனால் இரண்டு வாள்படைகளை அந்தத் துறைமுகத்திலேயே முடக்கிவைத்திருந்தார். வடக்கு எல்லையில் பெங்களூர்க்காரர் நெருக்கிக்கொண்டிருந்தபோதும் அவற்றை நகர்த்தவில்லை. இப்போது பார்த்தால் கப்பல் காலி.

அண்ணனுக்காக அவர் ஆடினார். அண்ணன் செய்திருப்பார் என்று தோன்றியதைச் செய்தார்: வயலுக்கு ஆள் அனுப்பினார், பாதி கட்டிய களஞ்சியத்தைத் தொடர்ந்தார், தன் நாட்டை நோக்கிய எல்லையிலேயே ஒரு வில்படையைக் காவலுக்கு நிறுத்தினார். கப்பலை மட்டும் தொடவில்லை. அது எதற்கு அங்கே நிற்கிறது என்று தெரியாமல் எப்படித் தொடுவது? பயமுறுத்தவா, வேவு பார்க்கவா, அல்லது ஏதோ ஒரு முறையில் நிறுத்திவிட்டு மறந்துபோனதா?

அடுத்த கோப்பு அவருடைய சொந்த முறை. வாள்படைகள் துறைமுகத்தில் நிற்கின்றன. கடலில் கப்பல் நிற்கிறது. இப்போது படையை வடக்கே அனுப்பலாமா?

அனுப்பினால், நம்பிக் கொடுத்த சாவியால் பெட்டியைத் திறந்து பார்த்த கதை. அனுப்பாவிட்டால், தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் நடிக்கிற கதை. இரண்டில் எது யோக்கியம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதோடு இதைச் சரிபார்க்க யாருமே இல்லை. மின்னஞ்சல் ஆட்டம் முழுக்க இந்தத் தனிமையில்தான் நடக்கிறது. சண்டையில் தோற்றவன் சேமிக்காமல் மூடிவிட்டு மறுபடி திறந்து ஆடலாம். அதற்கு இந்த ஆட்டம் ஒரு பூட்டு வைத்திருக்கிறது: அதே சண்டையை அதே வரிசையில் போட்டால் அதே முடிவுதான் வரும். வரிசையைக் கொஞ்சம் மாற்றினால் அந்தப் பூட்டும் திறந்துகொள்ளும். மிச்சமெல்லாம் ஆடுகிறவன் மனசாட்சி.

அவருடைய தொழிலில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. 2024 வரை நடப்பில் இருந்த, 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அது 126-ஆம் பிரிவு: கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அடுத்த பிரிவு குமாஸ்தாக்களையும் அதே கட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தப் பிரிவுகளை வைத்தே பல வருடம் ஓட்டியவர் அவர். சொல்லக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தெரிந்ததை எப்படி மறப்பது என்று எந்தப் பிரிவும் சொல்லித்தரவில்லை. ஒரே வக்கீல் இரண்டு தரப்புக்கும் வக்காலத்துப் போடக் கூடாது என்பதன் நியாயம், கப்பலைப் பார்த்த பிறகுதான் அவருக்கு முழுசாகப் புரிந்ததாம். எதிர்த்தரப்பைக் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்பது அவருக்குப் பெரிய பயமாகப் படவில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவனால் அப்புறம் எந்தப் பக்கத்துக்கும் முழுசாக ஆட முடியாது என்கிறார்.

சின்ன வயதில் அவர் இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறார். பாம்பனில் ஆச்சி வீட்டுத் திண்ணையில் கரித்துண்டால் ஆடுபுலிக் கோடு கிழித்து வைத்திருப்பார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. கூட ஆட ஆள் இல்லாத மதியங்களில் புலியும் அவரே, ஆடும் அவரே. புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. ஆடாக இருக்கும்போது புலியை நெருக்குவார். புலியாகத் திரும்பும்போது அந்த நெருக்கலிலிருந்து தப்பப் பார்ப்பார். யாருக்கும் துரோகம் செய்கிறோம் என்று தோன்றியதில்லை. காரணம் எளிது, ஆடுபுலியில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. எல்லாக் காயும் திண்ணையில் கிடக்கின்றன. புலி எங்கே இருக்கிறது என்று ஆட்டுக்குத் தெரியும். அது தெரிந்தும் மாட்டிக்கொள்வதுதான் ஆட்டம்.

அந்த ஆச்சிக்குப் போட் மெயில் கதை சொல்வதென்றால் ஊக்கம் வந்துவிடும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். ஆட்களோடு தபால் பைகளும் ஏறி இறங்கிக் கடல் தாண்டின. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது. கதை கேட்ட இவருக்கு ரயிலைவிடத் தபால் பைதான் மனதில் நின்றது. எழுதியவன் கையை விட்டுப் போய், படிப்பவன் கைக்கு வந்து சேராத கடிதம், நடுக்கடலில் இருக்கும்போது யாருக்குச் சொந்தம்?

கடிதத்தில் ஆடுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1828-ல் சென்னையும் ஹைதராபாத்தும் தபாலில் சதுரங்கம் ஆடின. அஞ்சல் ஓட்டக்காரன் தோளில் ஒரு நகர்த்தல் போகும், பதில் வரும். சென்னை அணியில் இருந்த குலாம் காசிம் அடுத்த ஆண்டே, ஜேம்ஸ் காக்ரேன் என்ற அதிகாரியோடு சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட தொடக்க ஆட்டத்தைப் பற்றிச் சென்னையில் புத்தகம் போட்டார். தபால் சதுரங்கத்தில் அழகான ஒரு வழக்கம் இருக்கிறது. 'நீ இதை நகர்த்தினால் நான் அதை நகர்த்துவேன்' என்று முன்கூட்டியே எழுதி அனுப்பலாம். தபால் நாள் மிச்சம். எதிராளியின் மூளைக்குள் போய் உட்கார்ந்து அவனுக்காகவும் யோசித்தால்தான் அது முடியும். ஆனால் சதுரங்கமும் திண்ணை ஆட்டம் மாதிரிதான், எல்லாம் கண்முன்னே. காலிக் கப்பல் அதில் கிடையாது. ஆகவே குலாம் காசிமிடமிருந்து இவருக்கு ஒரு உதவியும் கிடைக்கவில்லை.

கொஞ்சம் உதவி வேறு இடத்திலிருந்து வந்தது. கல்லூரி நாளில் நீலகண்ட சாஸ்திரி எழுதிய பாண்டியர் வரலாற்றை அரைகுறையாகப் படித்தவர் அவர். அதில் ராமேசுவரம் வருகிற பகுதி மட்டும் மறக்கவில்லை. 1160-களின் கடைசியில் மதுரைக்கு இரண்டு பேர் போட்டி: பராக்கிரம பாண்டியன், குலசேகர பாண்டியன். முற்றுகையில் மாட்டிக்கொண்ட பராக்கிரம பாண்டியன் கடல் தாண்டி இலங்கையின் பொலன்னறுவைக்கு ஆள் அனுப்பி, முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி கிளம்பியது. தண்டநாயகன் இலங்காபுரன் தலைமையில் படை அக்கரையில் உள்ள மாதோட்டத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தில் செய்தி வந்தது: மதுரை விழுந்துவிட்டது, கேட்டவன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டுவிட்டான். கேட்டவனே இல்லாதபோது உதவி யாருக்கு? போ, மதுரையைப் பிடித்து அவன் வாரிசிடம் கொடு என்று மன்னன் சொன்னதாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் எழுதுகிறது. படை கடல் கடந்து ராமேசுவரத்தைப் பிடித்தது, குந்துகாலில் கோட்டை கட்டியது. இன்றைக்கு விவேகானந்தர் நினைவு மண்டபம் நிற்கும் அதே குந்துகால் பக்கம்தான் அது என்பார்கள்.

முடிவு என்ன ஆனது என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. சூளவம்சத்தைப் படித்தால் இலங்காபுரன் வெற்றிமேல் வெற்றி. மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் படித்தால், குலசேகரனுக்கு உதவ வந்த சோழர் படை அவனைக் கொன்று தலையை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்தது. காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கத்தில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. ஈழப்படை போக வேண்டுமென்று ஒரு சிவாசாரியார் இருபத்தெட்டு நாள் பூசை செய்தார், படை போய்விட்டது, அதற்காக அந்த ஊரே அவருக்குக் கொடுக்கப்பட்டது என்கிறது. ஒரே போருக்கு மூன்று கோப்புகள், மூன்று கடவுச்சொல். அவரவர் கோப்பில் அவரவர் பக்கத்து வெளிச்சம் மட்டும். அந்தப் போரில் எவனாவது ஒருவன் இரண்டு பாசறையையும் உள்ளே போய்ப் பார்த்திருந்தால் எந்தக் கல்வெட்டும் இவ்வளவு உறுதியாக எழுதப்பட்டிருக்காது என்பது அவருடைய கட்சி. எழுத்தே நின்றிருக்கும் என்றும் தோன்றுகிறது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம்.

ராமேசுவரம் கடலிலும் முறை உண்டு. விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மிச்ச நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. சண்டை போட்டு, வலை அறுந்து, உயிர் போய், கடைசியில் பேசி வந்த ஏற்பாடு. அது எல்லா நாளும் மதிக்கப்படுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த மூன்று நாள் கணக்கு இக்கரையோடு நிற்கவில்லை. டொரண்டோ அண்ணன் எப்போதோ எழுதியிருந்தார்: மன்னாரில் அவருடைய சித்தப்பாமார் அந்த மூன்று இரவும் வலை போடுவதில்லை. இந்திய இழுவைப் படகு வந்து வலையை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம். 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது, பயம் போகவில்லை. படகு வராத திங்களும் உண்டு. அது அங்கே கரையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வந்தாலும் வராவிட்டாலும் வலை கரையில்தான் கிடக்கும்.

அந்த வரிகளை அவர் அப்போது சாதாரணமாகப் படித்துவிட்டுப் போயிருந்தார். இப்போது நினைத்தால், அண்ணன் அந்தக் கப்பலைத் தெரிந்தேதான் காலியாக நிறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வெறும் கப்பல் போதும், எதிரியின் இரண்டு படை கரையிலேயே கிடக்கும் என்பது அவர் குடும்பம் காசு கொடுத்துக் கற்ற பாடமாக இருக்கலாம். இது வெறும் ஊகம். ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு விளையாட்டில் இவ்வளவு அர்த்தம் தேடுவது குமாஸ்தா புத்தியாகவும் இருக்கலாம்.

வாள்படைகளை அவர் நகர்த்தவில்லை. வடக்கே ஒரு நகரம் பெங்களூர்க்காரரிடம் போனது. போனதைப் பார்த்து அவருக்கு ஒரு திருப்தி வந்தது; அந்தத் திருப்தியே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. நட்டப்பட்டால்தான் நேர்மை என்று நினைத்து வேண்டுமென்றே நட்டப்பட்டோமோ? கடவுச்சொல் வராமலே இருந்திருந்தால் அந்த முறையில் தற்செயலாகவே படையை வடக்கே அனுப்பியிருப்போமோ? அப்படியானால் இப்போது அனுப்பாததும் பார்த்ததன் விளைவுதானே. பார்க்காதவன் என்ன செய்திருப்பான் என்பதைப் பார்த்தவனால் கண்டுபிடிக்க முடியாது.

கலியாணம் முடிந்து அண்ணன் திரும்பி வந்தார். படங்கள் அனுப்பினார், "நல்லா விளையாடியிருக்கிறியள் தம்பி" என்று ஒரு வரி எழுதினார். கப்பலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நால்வரும் பேசி இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகிறவர் கடவுச்சொல்லை யாருக்கும் தரக் கூடாது. மற்றவர்கள் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். விதியை முன்வைத்தவர் ராமநாதபுரத்துக்காரர்தான். அது சரியான விதிதானா, இல்லை ஒருவரை ஒருவர் நம்பிக் கொடுக்கக் கிடைத்த ஒரே வழியையும் அடைத்துவிட்டோமா என்று கேட்டால், தெரியவில்லை என்கிறார்.