காண்பார் இல்லாத ஓவியம்

காண்பார் இல்லாத ஓவியம் ஓவியமாகுமா? புகழை நாடாத படைப்பே உயர்ந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல்லைத் தம் வாழ்வில் வைத்துச் சோதித்துப் பார்த்தவர், சுவீடன் நாட்டு ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட் அம்மையார்.

1862-இல் பிறந்த அவர், ஸ்டாக்ஹோம் அரசக் கலைக்கழகத்தில் பயின்று, இயற்கைக் காட்சிகளும் மனித உருவங்களும் வரைந்து வந்தார். சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையின் கருத்துகள் அவர் உள்ளத்தை ஈர்த்தன. கட்புலனாகா ஆற்றல்கள் தம்மை வழிநடத்துவதாக நம்பிய அவர், 1906 முதல் 1915 வரை, கட்டப்படாத ஒரு கோயிலுக்கென 193 ஓவியங்களைத் தீட்டினார். பலவற்றில் உலகப் பொருள்களின் உருவம் கரைந்து, குறியீடே எஞ்சியது. சுருள் ஆன்ம வளர்ச்சியைச் சுட்டியது. நீலம் பெண்மையையும் மஞ்சள் ஆண்மையையும் குறித்தன. 1907-இல் அவர் வரைந்த பத்து ஓவியங்கள், குழந்தைமை முதல் முதுமை வரையிலான பருவங்களைக் காட்டுவன. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமுடையது.

கலையின் ஆன்மிகம் குறித்துக் கண்டின்ஸ்கி 1911-இல் நூல் வெளியிட்டு, உலகறியப் பேசினார். அம்மையாரோ தம் படைப்புகளை மிகச் சிலருக்கே காட்டினார். தாம் மறைந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை அவற்றைத் திறக்க வேண்டா என்றும் குறித்து வைத்தார். 1944-இல் அவர் மறைந்தார். 1986-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில்தான் அவை பரவலான கவனத்தைப் பெற்றன. 2018-19-இல் நியூயார்க்கில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்து கண்டனர்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. வரைந்தது தாமல்லர் என்று நம்பியவர், அருளப்பெற்ற ஒன்றைப் பூட்டி வைக்கலாமா? அது அடக்கமா, அச்சமா, அன்றித் தம் காலத்தவர்க்குத் தகுதியில்லை என்ற செருக்கா? மூன்றும் சிறிது கலந்திருக்கலாம். மனித நெஞ்சம் அத்துணைத் தூயதன்று.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அவர் அவற்றை எரித்துவிடவில்லை. எண்ணிட்டு, விளக்கக் குறிப்புகள் எழுதி, அனைத்தையும் தம் உடன்பிறந்தார் மகனிடம் ஒப்படைத்துச் சென்றார். யாருக்காக? இன்னும் பிறவாத ஒரு கண்ணுக்காக.

புகழைத் துறப்பது வேறு. காண்பவரைத் துறப்பது வேறு. முன்னது துறவு, பின்னது கைவிடுதல். அம்மையார் துறந்தது கைதட்டலை மட்டுமே. தாம் காணப்போகாத ஒருவரை நம்பி ஒன்றைக் காத்து வைத்தலும் வழிபாடேயாகும். அவர் எண்ணிய கோயில் எழவில்லை. அந்த நம்பிக்கை பொய்க்கவுமில்லை.