முதலும் வட்டியும்



கடந்த தை மாதம் எங்கள் வீட்டில் முதற் பேரன் பிறந்தான். 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவந்தபோது, நீண்டகாலம் பழகிய அன்பர் ஒருவர் என் கையைப் பிடித்து, "முதலைவிட வட்டிதான் இனிக்கும், இனிப் பாருங்கோ" என்றார். பிள்ளை முதல், பேரப்பிள்ளை வட்டி என்பது நம்மவர் வேடிக்கையாகச் சொல்லும் கணக்கு. நானும் சிரித்துவிட்டு அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டேன். ஆனால் இக்கணக்கில் நான் கொடுத்தவனா, கடன்பட்டவனா என்ற ஐயம் சில மாதங்களின் பின் எழுந்தது. அதைப் பற்றியே இங்கு எழுத முனைகிறேன்.

மருமகளின் தாயார் வந்துநின்று பத்தியக்கறி சமைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபின், பகலில் பேரனைப் பார்க்கும் பேறு எனக்கும் மனைவிக்கும் கிடைத்தது. ஓய்வூதியம் எடுப்பவனுக்கு வேறென்ன வேலை? பாலைக் கொடுத்து, தோளில் போட்டு, ஏவறை வரும்வரை முதுகைத் தடவியபடி அறைக்குள் நடப்பேன். ஒருநாள் மாலை வேலையால் வந்த மகன் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிகச் சாதாரணமாக, "அப்பா, நீங்கள் என்னை இப்படித் தூக்கினது எனக்கு ஞாபகமில்லை" என்றான். குற்றம் சாட்டும் குரல் அல்ல. கைக்குழந்தைக்கு எப்படியடா ஞாபகம் இருக்கும் என்று பகிடியாகச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவன் கைக்குழந்தைப் பருவத்தை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் இலண்டனுக்கு வந்தது 1985இல். பகலில் ஒரு களஞ்சியசாலையிலும் இரவில் பெற்றோல் நிலையத்திலும் வேலை. மகன் 1988இல் பிறந்தான். மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். இந்நாட்டில் தகப்பன்மாருக்குச் சட்டப்படி விடுப்புக் கிடைத்ததே 2003 ஏப்ரலில்தான், அதுவும் இரண்டு கிழமை. அதற்கு முன்னர் முதலாளி மனம் வைத்தால் உண்டு. ஊரில் தங்கைமாரின் கலியாணம், தம்பியை வெளியே எடுக்கக் கட்டவேண்டிய காசு. அக்காலத்தில் வந்த எவருக்கும் இது புதிய கதையல்ல, ஆகையால் நீட்டவில்லை.

ஒரு தகப்பன் தவறவிட்டது எல்லாம் கடனாகுமா? அண்மையில் பேரனைத் தொட்டிலில் குப்புறக் கிடத்தப் போனேன். "மாமா, நிமிர்த்தித்தான் படுக்கவைக்கவேணும்" என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். மகனை நாங்கள் குப்புறத்தான் கிடத்தினோம். அந்நாளில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுவே. நித்திரையில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பதற்கும் குப்புறக் கிடத்துவதற்கும் தொடர்பு இருப்பதை மருத்துவர்கள் கண்டபின், 1991இல் பிரித்தானியாவில் இதற்கெனப் பெரும் பிரசாரம் நடந்தது. சில ஆண்டுகளிலேயே அத்தகைய இறப்புகள் பாதிக்கும் கீழே குறைந்தன. நாவில் தேன் தடவுவதும் அப்படியே. ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்கிறார்கள், அதிலுள்ள நுண்கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால். மகனுக்கு நாங்கள் தடவினோம். இவற்றை எண்ணினால் நெஞ்சு திடுக்கிடுகிறது. எனினும் அறியாமல் செய்ததற்கு வருந்தலாமேயன்றி, அதைக் கடன் என்று சொல்ல மாட்டேன். காசுக்காக இரவு வேலைக்குப் போனதையும் சொல்ல மாட்டேன். அந்தச் சோற்றை அவனும்தான் உண்டான்.

என் கடன் ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கிறது.

ஞாயிறுகளில் எனக்கு வேலை இல்லை. அப்போது எங்கள் கோயில் வாடகை மண்டபத்தில் இயங்கியது. கட்டட நிதிக்காகப் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகப் போவேன். ஏழெட்டு வயதில் மகன் பந்தோடு வாசலில் நின்று, "இண்டைக்கு விளையாடுவமோ?" என்று கேட்பான். "அடுத்த கிழமை" என்பேன். கோயில் எழுந்தது. அவன் கேட்பதை எப்போது நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. இறைபணியைக் குறை சொல்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம், குறை என்னுடையது. வீட்டில் என்னைக் கேட்க ஒரு பிள்ளை இருந்தான். வெளியில் என்னைப் பாராட்டப் பலர் இருந்தார்கள். நான் பாராட்டுக் கிடைத்த இடத்துக்குப் போனேன்.

மனிதன் தேவர், ரிஷிகள், பிதிர்கள் ஆகியோருக்குரிய மூன்று கடன்களுடன் பிறக்கிறான் என்பது நம் மரபு. பிதிர்கடன் மக்களைப் பெறுவதால் தீரும் என்பர். மேலே பட்ட கடனைக் கீழே தீர்க்கலாம் என்பது எவ்வளவு அழகான ஏற்பாடு! இதை வைத்தே எனக்கு நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மகனுக்குக் கொடுக்காததை அவன் மகனுக்குக் கொடுத்தால் கணக்குச் சரிதானே?

இந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஆடி அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, தந்தையின் கையில் நேரே கொடுக்க வழியில்லாமல்தான் இறைக்கிறோம். பெற்றவர் போய்விட்டதால்தான் கடன் கீழே இறங்குகிறது. நான் கடன்பட்டிருப்பவனோ உயிரோடு என் எதிரில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். அவன் பங்கை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தீர்ந்தது என்று சொன்னால் எந்தக் கடைக்காரன் ஒப்புக்கொள்வான்? அதுவுமன்றிப் பேரனிடம் நான் காட்டும் பொறுமைக்குப் பெரிய பெறுமதி இல்லை. நன்றாக நித்திரை கொண்டவனுக்குப் பொறுமை மலிவு. திருக்குறளின் 133 அதிகாரங்களில் மக்கட்பேறு 7ஆவது. பேரப்பேற்றுக்கென்று ஒன்று இல்லை. வள்ளுவர் இதை எண்ணித்தான் விட்டாரோ என்று சிலவேளை நினைப்பதுண்டு.

மனைவி இதையெல்லாம் ஏற்கவில்லை. "இஞ்சாருங்கோ, பிள்ளையோட சந்தோசமா இருங்கோவன். அன்புக்கு ஆர் கணக்குப் பாக்கிறது?" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஞாயிறுகளில் வீட்டில் இருந்தவள் அவள். கணக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை.

இம்மடலின் ஆங்கிலப் பக்கங்களை மட்டுமே என் மகன் புரட்டுவான். தமிழ் கதைப்பான், வாசிக்க மாட்டான். அதைச் சொல்லிக் கொடுக்கவும் அந்த ஞாயிறுகள்தான் இருந்தன. ஆகவே இங்கு எழுதிவிட்டு அவனிடம் சொன்னதாக நான் எண்ணிக்கொள்ள முடியாது.

போன மாதம் ஒரு ஞாயிறு அவனை நடக்கக் கூப்பிட்டேன். "பிள்ளையையும் கொண்டுவரட்டோ?" என்றான். "வேண்டாம், நாங்கள் ரெண்டு பேரும்" என்றேன். பூங்காவைச் சுற்றி நடக்கும்போது பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பற்றியும் பந்தைப் பற்றியும் சொன்னேன். "அது பரவாயில்லை, அப்பா" என்றான், மிக விரைவாக. இன்னும் சிறிது தூரம் போனபின், "ஒருநாள் மழைக்குள்ள உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான், ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டான்.

எனக்கு ஞாபகம் இல்லை. முழுவதையும் சொல்லச் சொன்னேன். பூங்காவை இன்னொரு முறை சுற்றினோம். வரும் ஞாயிறும் போகிறோம்.