நட்பும் நடுநிலையும்

பகைவனின் குற்றத்தைச் சுட்டுவது எளிது. நண்பனின் குற்றத்தைச் சுட்ட நேரும்போதுதான் வாய்மை விரதம் சோதிக்கப்படுகிறது. தனிமனிதர்க்குரிய இவ்வறம் நாடாள்வோர்க்கும் உரியதன்றோ?

1956-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. பிரதமர் நேரு தயங்காது கண்டித்தார். பிரிட்டனுடன் நமக்கிருந்த காமன்வெல்த் உறவும் அவரைத் தடுக்கவில்லை. அது போற்றத்தக்கதே. ஆனால் நவம்பர் 4 அன்று சோவியத் படைகள் புடாபெஸ்ட் நகருள் புகுந்து ஹங்கேரி மக்களின் எழுச்சியை நசுக்கியபோது அதே குரல் தாழ்ந்து ஒலித்தது. அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது. நவம்பர் 9 அன்றோ, அப்படைகள் வெளியேற வேண்டும், ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடைபெற வேண்டும் என்ற தீர்மானத்தை எதிர்த்தே வாக்களித்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் இப்போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார்.

நேருவின் பக்கத்தையும் கேட்பதே அநேகாந்தம். ஹங்கேரிச் செய்திகள் தெளிவாக இல்லை என்றார். சுதந்திர நாட்டில் ஐ.நா. தேர்தல் நடத்துவது தவறான முன்மாதிரி என்றார். காஷ்மீர் இந்தியாவின் பகுதி என்று 1955-இல் இங்கு வந்த சோவியத் தலைவர்கள் கூறியிருந்தனர். அத்துணையை இழக்க எந்தப் பிரதமரும் அஞ்சுவார். ஹங்கேரியில் நிகழ்ந்தது தேசிய எழுச்சியே என்று சில நாள்களில் அவரே ஒப்புக்கொண்டதையும் மறத்தலாகாது.

ஆயினும் ஓர் ஐயம் நீங்கவில்லை. எகிப்துக்காக உடனே எழுந்த குரல் ஹங்கேரிக்கு மட்டும் தெளிவை எதிர்பார்த்துக் காத்திருந்தது ஏன்? பல கோணங்களில் ஆராய்வது அநேகாந்தம். வேண்டியவர்க்கு மட்டும் அவ்வாராய்ச்சியை ஒதுக்கி வைப்பது பட்சபாதம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் நான்கு பாவனைகளை வகுத்தார். எல்லா உயிரிடத்தும் மைத்திரி, குணவான்களிடம் பிரமோதம், துன்புறுவோரிடம் காருண்யம், நெறி கேளாதவரிடம் மாத்தியஸ்தம். இவற்றுள் நண்பனின் தவற்றை மறைப்பதற்கு இடமே இல்லை. காருண்யம் துன்புறுவோன் யார் என்று பார்க்குமேயன்றித் துன்புறுத்துவோன் நமக்கு வேண்டியவனா என்று பார்க்காது. கெய்ரோவில் விழுந்த குண்டும் புடாபெஸ்டில் விழுந்த குண்டும் உயிர்க்கொலையில் ஒன்றே.

மௌனமும் விரதமே. ஆனால் ஒருவர்க்கு மட்டும் காக்கப்படும் மௌனம் விரதமாகாது. தன் பிள்ளை அடித்தால் ‘விசாரிப்போம்’ என்றும், அயலார் பிள்ளை அடித்தால் ‘தண்டிப்போம்’ என்றும் சொல்லும் நாம், இக்குறையைத் தலைவர்களிடம் மட்டும் காண்பது முறையன்று. சாமாயிகத்தில் அமரும்போது நம்மையும் இத்தராசில் நிறுத்திப் பார்ப்போமாக!